இரவு உறைந்ததா?

மார்ச் பிறந்ததும் மணாலிக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றைத்தான். "நாளைக்கு வெயில் இருக்குமா?" இருக்கும் என்றால் முகம் மலர்ந்துவிடும். மேகம் போடும் என்றால் சோர்ந்துபோவார்கள். வழிகாட்டியாக எனக்கு இருக்கும் கவலை வேறு. நாளைய பகலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இன்றைய இரவு எப்படி? வானம் துலக்கமாக இருந்து பனியின் மேற்பரப்பு இறுகினால் மறுநாள் எங்களுக்கு வேலை உண்டு. மேகம் மூடிக்கொண்டு இரவு கதகதப்பாகக் கழிந்தால், காலையில் எத்தனை அழகான வெயில் அடித்தாலும் செங்குத்தான சரிவுப் பக்கம் ஆட்களைக் கூட்டிப்போக மாட்டேன்.

இதைச் சொன்னால் நம் ஊர்க்காரர்கள் விழிப்பார்கள். வெயில் அடித்தால் நல்ல நாள், கொட்டினால் கெட்ட நாள் என்பதுதான் சமவெளியில் பழகிய கணக்கு. பனிச்சரிவு என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு 2016 பிப்ரவரிதான் நினைவுக்கு வரும். சியாச்சினில் 19,000 அடிக்கு மேலே இருந்த சோனம் முகாமைப் பனி மூடி, மதராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த 10 வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் நால்வர் நம் மாநிலத்துக்காரர்கள். அந்தப் பத்துப் பேரில் ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட ஒருவரும் டெல்லி மருத்துவமனையில் இறந்துபோனார். அது கடுங்குளிர் மாதத்தில், பனியாற்றின் மேலே நடந்தது. நான் எழுதுவது அதைப் பற்றியல்ல. மார்ச் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை, குளிர் தளர்ந்து, டி-ஷர்ட்டோடு நடக்கலாம் என்று தோன்றும் நாட்களில் விழுகிற ஈரப்பனியைப் பற்றி. அதன் அடியில்தான் இருபது வயது தாண்டியதிலிருந்து எனக்குப் பிழைப்பு. பனிச்சறுக்குக்காரர்களை மேலே கூட்டிப்போவேன், மே மாதம் வந்தால் ட்ரெக்கிங் கூட்டம்.

ஜனவரிப் பனியும் மே மாதப் பனியும் ஒரே சரக்கு அல்ல. புதிதாக விழுந்த உலர்ந்த பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோவோ அதற்கும் குறைவோதான் இருக்கும். மாதக்கணக்கில் அமுங்கி, உருகி, மறுபடி உறைந்த பனி 400, 500 கிலோவைத் தொடும். ஜனவரியில் தரையை ஒட்டிய பனி பூஜ்ஜியத்தின் பக்கத்திலும், மேற்பரப்பு அதைவிடப் பல டிகிரி கீழேயும் இருக்கும். வசந்தம் முற்றும்போது மேலிருந்து அடிவரை மொத்தமும் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். அந்த நிலைக்கு வந்த பனியில் விழும் வெப்பம் முழுவதும் அதை உருக்கத்தான் செலவாகும். பனித்துகள்களை ஒன்றோடொன்று கோத்துவைத்திருக்கும் மெல்லிய இணைப்புகள்தான் முதலில் கரைகின்றன. உருகிய நீர் கீழே இறங்கி, எங்கோ ஒரு பழைய ஐஸ் தகட்டிலோ, குளிர்காலத்தில் உருவாகி ஒட்டாமலே கிடக்கும் பரல் அடுக்கிலோ போய்த் தேங்கும். மேலே டன் கணக்கில் நிற்கும் பனிக்கு அதன்பின் பிடிமானம் கிடையாது.

இந்தச் சேதத்தை இரவுதான் சரிசெய்கிறது. வானம் திறந்திருந்தால் பனி தன் வெப்பத்தை நேராக வானவெளிக்குக் கதிராக அனுப்பிவிடும். காற்றின் வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரியில் இருந்தாலும்கூட மேற்பரப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே போய் இறுகிவிடும். மேகம் இருந்தால் வெப்பம் திரும்பி வந்துவிடும். தெர்மாமீட்டர் ஒரே எண்ணைக் காட்டும் இரண்டு இரவுகளில் ஒன்று உறையும், இன்னொன்று உறையாது. போனில் குறைந்தபட்ச வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு "மைனஸ் ஒண்ணு காட்டுது, அப்புறம் என்ன?" என்று கேட்கிறவர்களோடு நான் வாதாடுவது இதனால்தான்.

அதிகாலை மூன்று மணிக்குக் கூடாரத்தைவிட்டு வெளியே வந்ததும், டீக்கு முன்னால், குதிகாலால் பனியை ஓங்கி மிதித்துப் பார்ப்பேன். பூட்ஸ் தடமே பதியாவிட்டால் நிம்மதி. அடுத்து ஐஸ் ஆக்ஸின் காம்பை அழுத்துவேன். மேலோடு உடைந்து, அதற்குக் கீழே தடங்கலில்லாமல் இறங்கினால் உறைந்தது மேலோடு மட்டுமே. விரல் கனமுள்ள மேலோடு சூரியன் பட்ட அரை மணியில் போய்விடும். நாலு விரல் கனமிருந்தால் பத்து மணி வரைகூடத் தாக்குப்பிடிக்கலாம். இந்தக் கணக்கு புத்தகத்தில் இருந்து வந்ததில்லை. பழைய மணாலியைச் சேர்ந்த ஒரு பெரியவர் கற்றுத்தந்தது. நாங்கள் உஸ்தாத் என்று கூப்பிடுவோம். காலையில் எங்களைப் பார்த்ததும் அவர் நலம் விசாரிக்க மாட்டார். "ராத் கோ ஜமா க்யா?" என்பார். இரவு உறைந்ததா? இல்லை என்று சொன்னால் மேற்கொண்டு பேச்சில்லை, போய்ப் படுத்துக்கொள்வார்.

நன்றாக உறைந்த காலைக்கும் ஓர் ஆபத்து உண்டு, அதை ஒருவரும் பேசுவதில்லை. நாலு மணி இருட்டில் சரிவு முழுக்க ஐஸாக இருக்கும். பூட்ஸின் அடியில் கிராம்பான் முட்களை மாட்டாமல் ஒருவர் கால் இடறினால் கீழே பாறை வரை நிற்காமல் போவார். சறுக்கி விழுந்து அடிபடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனால் அது ஒருவருக்கு நேர்வது. பனி சரிந்தால் வரிசையே போகும்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். கெட்டித்தளத்தின் மேல் ஒரு விரற்கடை மட்டும் இளகி, கல்லுப்பைப் பரப்பி வைத்ததுபோல் மணிமணியாக நிற்கும். கார்ன் ஸ்னோ என்று பனிச்சறுக்குக்காரர்கள் உயிரை விடுவது இதற்காகத்தான். ஒரு சரிவில் அதன் ஆயுள் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. அது முடிந்ததும் அந்தச் சரிவைவிட்டு வெளியே இருக்க வேண்டும். கிழக்குப் பார்த்த சரிவு முதலில் இளகும், அடுத்து தெற்கு, மதியத்துக்கு மேல் மேற்கு. வழியைத் தேர்வு செய்வதென்றால் இந்த வரிசையைக் கடிகாரத்தோடு பொருத்துவதுதான்.

கடிகாரத்திலும் ஒரு சிக்கல். எங்கள் கைக்குக் கிடைக்கும் பாடப்புத்தகங்களில் பல ஆல்ப்ஸ் மலையை வைத்து எழுதியவை. "பதினொன்றுக்குள் இறங்கிவிடு" என்று அங்கே படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கேயும் பதினொன்று என்பார்கள். சுவிட்சர்லாந்தில் மார்ச் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிடுவார்கள். அதனால் அங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஏறக்குறைய ஒன்றரை காட்டும். மணாலியில் பன்னிரண்டு இருபதுக்கே உச்சி. அவர்களுடைய பதினொன்று என்பது நம் கடிகாரத்தில் ஒன்பது ஐம்பது. அதோடும் விடவில்லை. அவர்கள் மலை 46ஆம் அட்சரேகையில், மணாலி 32இல். மே நடுவில் அங்கே நண்பகல் சூரியன் 63 டிகிரி உயரத்துக்கு வரும். இங்கே 77, கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். மார்ச்சில் வெயில் குறைவாகவே படும் வடக்குச் சரிவுகூட மே மாதத்தில் நன்றாக வெயில் வாங்கிக்கொள்ளும். நான் ஆட்களிடம் சொல்லும் கெடு ஒன்பது மணி. கேட்கிறவர்களுக்கு அது கிறுக்குத்தனமாகத் தெரியும்.

சிக்கிமுக்குப் போனால் இந்தக் கெடுவும் செல்லாது. நாது லாவில் சூரியன் மணாலியைவிட முக்கால் மணி நேரம் முன்னதாகவே உச்சிக்கு வந்துவிடும். இரண்டு இடத்திலும் கடிகாரம் என்னவோ ஒன்றுதான். 2023 ஏப்ரல் 4ஆம் தேதி நாது லா செல்லும் ஜவாஹர்லால் நேரு சாலையில், 15ஆவது மைல் பக்கத்தில், நண்பகலை ஒட்டிப் பனி சரிந்து சுற்றுலாப் பயணிகள் 7 பேர் இறந்தார்கள். மலையேறிகள் அல்ல, காரில் வந்து பனியைப் பார்க்க இறங்கியவர்கள். அனுமதி 13ஆவது மைல் வரைதான் என்று அன்றே செய்தி வந்தது. அன்று அங்கே பனி என்ன நிலையில் இருந்தது என்று தூரத்திலிருந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஏப்ரல் மாதம் உச்சி வெயிலில் அப்படி ஒரு சரிவின் கீழே நிற்பது என் தொழிலில் இருப்பவர் செய்யும் காரியமல்ல என்பதை மட்டும் சொல்லலாம்.

மலை முன்கூட்டியே சொல்லும். வெயில் ஏறியதும் பாறைகளைச் சுற்றிலும் மரங்களின் அடியிலும் சிறு பனி உருண்டைகள் பிரிந்து, உருள உருளப் பெரிதாகிக் கீழே வரும். கணுக்கால் வரை புதைந்த கால் முழங்கால் வரை புதையத் தொடங்கும். கையில் எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டும். இவற்றில் ஒன்றைக் கண்டாலே அந்த நாள் முடிந்தது. உருண்டைகளைப் பார்த்து "சோ க்யூட்" என்று போன் எடுக்கிறவர்களை அதட்ட வேண்டியிருக்கும், வாடிக்கையாளர் என்றுகூடப் பார்க்க முடியாது.

இன்னொன்று, வருடத்தின் முதல் வெப்பம்தான் பொல்லாதது. குளிர்காலம் முழுக்க நீரையே காணாத அடுக்குகளுக்குள் முதன்முதலாக நீர் இறங்கும் நாட்கள் அவை. அந்த முதல் வெப்பம் ஒவ்வொரு உயரத்துக்கும் ஒவ்வொரு மாதத்தில் வரும். மணாலியை அடுத்த சோலாங் பக்கம் மார்ச்சில், 3,500 மீட்டரில் ஏப்ரல் வாக்கில், பெரிய கணவாய்களின் உயரத்தில் மே மாதத்தில். கீழே பனி எல்லாம் அடங்கி உட்கார்ந்துவிட்டது என்று தைரியமாக மேலே போகிறவர் அந்த அலையின் பின்னாலேயே ஏறிப்போய் அதைப் பிடித்துவிடுகிறார்.

இப்போது புதிதாக ஒரு தொந்தரவு சேர்ந்திருக்கிறது. இணையத்திலிருந்து இறக்கிய ஜிபிஎஸ் தடத்தைப் போனில் வைத்துக்கொண்டு மே மாதத்தில் வந்து நிற்கிறார்கள். அந்தத் தடம் ஜூலையிலோ செப்டம்பரிலோ நடந்தவர் போட்டது. ஹம்ப்டா கணவாய்க்குச் செல்லும் கோடைப் பாதை ஜோப்ராவிலிருந்து ராணி நாலா என்ற ஓடையை ஒட்டியே போகிறது. பனி இருக்கும் காலத்தில் நாலா என்பது இரண்டு பக்கச் சரிவுகளும் தங்களிடம் உள்ளதைக் கொண்டுவந்து கொட்டும் இடம். விரிந்த மைதானத்தில் இடுப்பளவு நின்றுவிடும் சின்னப் பனிச்சரிவு, ஒடுங்கிய நாலாவுக்குள் ஆளை மீட்டர் கணக்கில் புதைத்துவிடும். போதாததற்கு, காலடியில் நீரோடை பனிக்கூரையை அடியிலிருந்து தின்றுகொண்டிருக்கும். காலையில் கழுதை கடந்த பனிப்பாலம் மதியம் ஓர் ஆளைத் தாங்காது.

தடத்தைவிட மரங்களை நம்பலாம். பூர்ஜ மரங்கள் எல்லாம் பள்ளத்தாக்குப் பக்கமே வளைந்து நிற்கிற இடம், தேவதாரு காட்டின் நடுவே மேலிருந்து கீழே ஒரு பட்டை மட்டும் வெறுமையாக இருக்கிற இடம், மேட்டுப் பக்கக் கிளைகள் முறிந்த மரம்: இங்கெல்லாம் பனி வந்து போயிருக்கிறது, மறுபடி வரும். கூடாரம் போடுகிறவர்களுக்கு இப்படி வெறுமையான பட்டைதான் சமதளமாக, வசதியாகத் தெரியும் என்பது வேறு விஷயம்.

சரிவின் கோணத்தை அளப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை, போனிலேயே முடியும். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள இடங்களில் கிளம்புகின்றன. நீங்கள் நிற்கும் இடம் 20 டிகிரி என்பதால் தப்பித்தீர்கள் என்று அர்த்தமில்லை, தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முகட்டில் காற்று கட்டிய பனி விளிம்பு துருத்திக்கொண்டிருந்தால் மதியத்தில் அதன் கீழே டீ குடிக்க உட்காரக் கூடாது.

ஒரு மே கடைசி வாரம். ஹம்ப்டா பாதையில் பாலு கா கேராவில் முகாம். கணவாய் 4,270 மீட்டரில் மேலே நிற்கிறது. சென்னையிலிருந்து வந்த ஐடி நண்பர்கள் கூட்டம், நல்ல பிள்ளைகள். இரவு முழுக்க மேகம். மூன்று மணிக்கு மிதித்துப் பார்த்தால் பூட்ஸ் கணுக்கால் வரை உள்ளே போகிறது. போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். ஆறு மணிக்கு மேகம் விலகி, பளீரென்று வெயில்.

"ப்ரோ, வானத்தைப் பாருங்க, ஒரு பொட்டு மேகம் இல்ல. இதைவிட நல்ல நாள் எப்ப கிடைக்கும்?"

"ராத்திரி எல்லாம் மேகம் இருந்துச்சு தம்பி. இப்ப விலகி என்ன பிரயோஜனம்? எதுவும் உறையல. இனிமே வர்ற வெயில் ஒவ்வொண்ணும் நமக்கு எதிரா."

"பக்கத்து டென்ட் ஆளுங்க கிளம்பிட்டாங்களே!"

கிளம்பித்தான் போனார்கள், காலை உணவை முடித்துவிட்டு, ஏழரைக்கு. நாங்கள் கூடார வாசலில் உட்கார்ந்து அவர்கள் எறும்பு வரிசையாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடந்தும் போனார்கள். அன்று அந்தச் சரிவில் ஒன்றும் விழவில்லை. கணவாய்க்கு அப்பால் சத்ருவில் இறங்கியதும் படங்கள் போட்டிருந்தார்கள், என் பிள்ளைகள் ஜோப்ராவுக்குத் திரும்பிச் சிக்னல் கிடைத்ததும் அவற்றைத்தான் முதலில் பார்த்தார்கள். ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். கொடுக்கவில்லை, கோபமாகப் போனார்.

இந்தத் தொழிலில் இதற்குச் சமாதானமே கிடையாது. சரியான முடிவுக்குச் சாட்சி இல்லை. தவறான முடிவும் பத்தில் ஒன்பது முறை பரிசோடுதான் திரும்பி வரும். கடந்து போன கூட்டத்தின் வழிகாட்டி இளைஞர். அவருக்கு அன்றைக்குக் கிடைத்த பாடம் "உறையாவிட்டாலும் போகலாம்" என்பது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பின்னால் ஒரு தேதிக் கணக்கு இருக்கிறது. ஃபிக்ஸட் டிபார்ச்சர் என்பார்கள், இன்ன தேதி கிளம்பி இன்ன தேதி கணவாய் கடந்து இன்ன தேதி விமானம். கூடுதலாக ஒரு நாள் காத்திருக்க அந்த அட்டவணையில் இடமே இருக்காது. அவர் காத்திருந்தால் பின்னால் வரும் கூட்டத்துக்குக் கூடாரம் இருக்காது. என்னைக் கேட்டால் மே மாத இமயத்தின் பெரிய ஆபத்து இந்த அட்டவணைதான்.

அரசு எச்சரிக்கை வருமே என்று கேட்பார்கள். வரும். மணாலியில் 1969இல் தொடங்கிய பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் 2020இல் டிஆர்டிஓவின் இன்னொரு ஆய்வகத்தோடு இணைக்கப்பட்டுப் புவித்தகவல் ஆய்வு நிறுவனம் ஆனது. அவர்கள் மாவட்டவாரியாக, உயரத்தைச் சொல்லி எச்சரிக்கை வெளியிடுகிறார்கள். நான் தவறாமல் பார்க்கிறேன். ஆனால் குல்லு மாவட்டத்துக்கான எச்சரிக்கைக்கு என் முன்னால் இருக்கும் கிழக்குச் சரிவில் காலை எட்டு மணிக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது. அதற்கு அங்கே நிற்கும் ஆள்தான் பொறுப்பு.

கடிகாரக் கணக்கே எல்லாம் என்றும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது அடங்கி முதிர்ந்த பனிக்கு மட்டும். மேற்கத்திய இடையூறு என்னும் வானிலை அமைப்பு வந்து இரண்டு நாள் கொட்டிவிட்டுப் போனால் ஏப்ரலில்கூட மறுபடி ஜனவரி ஆகிவிடும், சரிவு எந்த நேரத்திலும் வரும். 2025 பிப்ரவரி 28 அதிகாலை, பத்ரிநாத் பக்கம் மானாவில் எல்லைச் சாலைத் தொழிலாளர்களின் முகாம் மீது பனி வந்தபோது வெயிலே ஏறவில்லை. கனத்த பனிப்பொழிவின் நடுவே நடந்தது அது. சிக்கிய 54 பேரில் 8 பேர் இறந்தார்கள். அதே சமோலி மாவட்டத்தில், நீதிப் பள்ளத்தாக்கின் சும்னாவில், 2021 ஏப்ரல் 23 அன்று இன்னொரு சாலைப்பணி முகாம் புதைந்ததும் நாள்கணக்கில் மழையும் பனியும் பெய்த பிறகுதான். புதுப்பனி விழுந்தால் குறைந்தது இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள் என்பேன், வெயில் அடித்த முதல் நாளை முக்கியமாக விடுங்கள்.

புதைந்தவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். முதல் 10 நிமிடத்தில் வெளியே எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூச்சுத்திணறிப் பெரும்பாலோர் இறந்திருப்பார்கள். ஈரப்பனி உலர்பனியைப்போல் வேகமாக வராது, ஓடுகிற மனிதனைவிடச் சற்று வேகம் என்றுகூடத் தோன்றும். ஆனால் நின்ற மறுகணம் இறுகிவிடும். கையால் தோண்டலாம் என்று நினைக்கவே வேண்டாம், உலோக ஷவல் வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கு மேல் பனியை அள்ளிப் போட வேண்டியிருக்கும். ஹெலிகாப்டரோ மீட்புக்குழுவோ அந்த நிமிடங்களுக்குள் வராது. கூட வந்தவர்களிடம் 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் பீக்கன், நீளக் குத்துக்கம்பி, ஷவல் மூன்றும் இருந்து, பழகியும் இருந்தால் உண்டு. வெளிநாட்டுப் பனிச்சறுக்குக்காரர்கள் இவை இல்லாமல் வருவதில்லை. நம்முடைய ட்ரெக்கிங் கூட்டங்களில் இருபது பேருக்கு ஒரு ஷவல் இருக்கும், அதுவும் கழிப்பறைக் குழி தோண்ட.

அடல் சுரங்கம் 2020 அக்டோபரில் திறந்த பிறகு, குளிர்காலத்தில் ரோதாங் கணவாய் அடைபட்டால் ஊரே துண்டிக்கப்பட்டுக் கிடந்த லாஹுலுக்கு இப்போது மணாலியிலிருந்து காலையில் போய் மாலையில் வரலாம். வசந்தத்தில் லாஹுலின் சிஸ்ஸு பக்கம் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. பனியை முதல்முறை பார்க்கும் கூட்டம் பனிச்சரிவுப் பாதைகளின் வாயிலேயே இறங்கி விளையாடுகிறது. இனி கூட்டம் குறையப்போவதில்லை.

அதனால் மே மாதக் கணவாய் ட்ரெக்குக்குப் பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். "கடைசி முகாமிலிருந்து எத்தனை மணிக்குக் கிளப்புவீங்க? ராத்திரி உறையலன்னா என்ன செய்வீங்க? காத்திருக்க ஒரு நாள் கூடுதலா வெச்சிருக்கீங்களா?" காலை டிபன் முடித்துவிட்டு ஏழரைக்குக் கிளம்புவோம் என்று பதில் வந்தால் வேறு நிறுவனம் பாருங்கள்.